அரிசிக்குள்

உலைக்கு அரிசி எடுக்க டிரம்முக்குள் கைவிட்ட நவமணி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். வெயிலில் காய்ந்ததுபோல் அரிசி சுட்டது. கரண்டியால் மேலாக விலக்கிப் பார்த்தாள். கணவனின் மின்சார ஸ்கூட்டர் பேட்டரி உள்ளே புதைந்து கிடந்தது. நேற்று மழைத் தண்ணீரில் முங்கியது அது. இன்று பிள்ளைத்தாச்சியின் வயிறுபோல் ஒரு பக்கம் உப்பியிருந்தது. நகப்பூச்சு பாட்டிலைத் திறந்ததுபோல் தித்திப்பாக ஒரு வாடை.

அவள் வாசலுக்கு வந்து கூப்பிட்டபோது, பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கதிரேசன் போனில் தன் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சிரித்தான். “போன் நனைஞ்சப்ப அரிசியிலதானே போட்டோம்? ஈரத்தை இழுத்துரும். கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டுப் பார்த்துட்டுத்தான் உள்ள வச்சேன்.”

“உப்பியிருக்குங்க. சுடுது.”

பஸ் இரைச்சலை மீறி அவன் குரல் வேறாக வந்தது. “நவம், அதைத் தொடாத. பாப்பாவத் தூக்கிட்டு வெளிய ஓடு.”

பாப்பா உள்ளறைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கே போக அடுப்படிதான் வழி. திரும்பி வரவும் அதே வழிதான். டிரம்மோடு தோள் உரசியபடி கேஸ் சிலிண்டர் நின்றது. தூங்கும் நாயைத் தாண்டுகிறவள்போல நவமணி அடிமேல் அடி வைத்துப் போனாள். கொலுசுச் சத்தத்தில் அது விழித்துக்கொள்ளுமோ என்று பயந்தாள். பிள்ளையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். வாசல் தெரிந்தது. நடுவில் டிரம்.

அதற்குள் அரிசி ஒவ்வொன்றாகப் பொரியத் தொடங்கியிருந்தது.