அரக்குச் சாறி

"உனக்கு வாயில்லையா புள்ள?" என்று எட்டாம் வகுப்பில் ரீச்சர் ஒருமுறை கேட்டார். ஷஸ்னா அதற்கும் வாய் திறக்கவில்லை. அடுத்த தவணை தொடங்கியபோது அவள் பள்ளிக்கே போகவில்லை.

அப்படிப்பட்டவள் இன்று அரக்கு நிறச் சாறி உடுத்தி, சரிகை மினுங்க, காத்தான்குடி ஆற்றங்கரையில் டீவிக் கமெராவுக்கு முன்னால் வந்து நின்றாள். பட்டப்பகல் வெயில். கரையில் கூடியிருந்த சனம் கமெராவை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது.

"மாப்பிள்ள தேடி வந்திரிக்காளாக்கும்!" என்றாள் பக்கத்து வீட்டு றபீக்கா. நாலு பேர் சிரித்தார்கள். ஷஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

ஆசியப் படகோட்டப் போட்டி இந்த முறை, ஊரார் ஆறு என்று சொல்லும் மட்டக்களப்பு வாவியில் நடக்கும் என்று காலையில்தான் அறிவித்திருந்தார்கள். அதிலிருந்து ஊரில் பட்டாசுச் சத்தம் ஓயவில்லை. சனம் என்ன சொல்கிறது என்று படம்பிடிக்க டீவிக்காரன் சதீசன் கமெராவோடு வந்திருந்தான்.

"எல்லாரும் வடிவாச் சொல்லுங்க. இது ஆசியா முழுக்கப் போகும்!" என்றான் அவன்.

அதைக் கேட்டதும் ஷஸ்னா இன்னும் ஓரடி முன்னுக்கு வந்தாள். அதற்குள் புடவைக்கடை அஹமட் முதலாளி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார்.

"வெள்ளக்காரன் எல்லாம் வருவான். நம்மட கைத்தறிச் சாரன் வாங்காம ஒருத்தனும் திரும்பிப் போகமாட்டான், இன்ஷா அல்லாஹ்!"

"ஆசியாப் போட்டிக்கு வெள்ளக்காரன் எங்கால வாற முதலாளி?" என்றார் எதிர்க்கரையிலிருந்து மீன் விற்க வந்த யோகராசா. "அத விடுங்க. அவங்க ஆத்துக்குள்ள தோணி ஓட்டப்போட்டி வச்சா நாங்க வலைய எங்க போடுற? ரோட்டிலயா?"

கரை முழுக்கச் சிரித்தது. சதீசனுக்கு நல்ல சந்தோஷம். அந்தச் சிரிப்புக்குள் ஷஸ்னாவின் சாச்சி நஸீபா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அடியேய்! பெட்டிக்குள்ள கெடந்த சாறிய ஆர்ட்டக் கேட்டு எடுத்த? இது கலியாண வூடா?"

ஷஸ்னா கமெராவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பால்பல்லோடு திரிந்த காலத்தில் அவளுடைய உம்மா வீட்டு வேலைக்குச் சவூதிக்குப் போனாள். பிள்ளையைப் பார்க்க உம்மாவின் தங்கையான சாச்சி வந்து அதே வீட்டில் குடியேறினாள். முதலில் அடிக்கடி ஃபோன் வந்தது. பிறகு எப்போதாவது வந்தது. பிறகு வரவேயில்லை.

இப்போது அந்த வீட்டில் யாராவது ஷஸ்னாவோடு பேசினால், அது ஏதாவது வேலை சொல்வதற்காகத்தான் இருக்கும்.

சதீசன் மைக்கை அவள் பக்கம் நீட்டினான். "தங்கச்சி, நம்மட இடத்துக்கு இப்பிடியொரு போட்டி கிடைச்சிருக்கு. என்ன நினைக்கிறீங்க?"

அவள் தலையில் போட்டிருந்த முந்தானையை எடுத்து, சரிகையில் நெய்த மாங்காய்கள் முழுக்கத் தெரியும்படி முன்னால் விரித்துப் பிடித்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

"சாறி வடிவுதான். ஆனா பேசாம நிண்டா டீவியில போட ஏலாது. வெட்டிப்போடுவாங்க," என்று சதீசன் கமெராவை மற்றப் பக்கம் திருப்பப் போனான்.

ஷஸ்னாவின் கை பாய்ந்து கமெரா நின்ற முக்காலியைப் பிடித்தது. "நில்லுங்க அண்ணா."

அவள் குரலை றபீக்கா கேட்டே கனகாலம். ஷஸ்னா முகத்தை நிமிர்த்திக் கமெராவின் கண்ணாடியை நேராகப் பார்த்தாள்.

"நாங்க அதே வூட்டிலதான் இரிக்கம்."

அவ்வளவுதான். கரை குலுங்கிச் சிரித்தது.

"தோணி ஓடுறத்துக்கும் நீ இரிக்கிற வூட்டுக்கும் என்ன மகள் சம்பந்தம்?" என்று யோகராசா தலையில் கைவைத்தார்.

"பரவாயில்ல, நல்ல பகிடி. கட்டாயம் போடுவன் தங்கச்சி," என்று சிரித்தபடியே சதீசன் கமெராவைக் கழற்றிப் பைக்குள் வைத்தான். அடுத்த ஊரில் ஆட்களைப் பிடிக்க வேண்டும் என்று மோட்டார் சைக்கிளை முறுக்கினான். சனமும் பிரிந்து போனது.

வெயிலில் இரண்டு பேர்தான் மிச்சம். நஸீபா ஷஸ்னாவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஊரே சிரிக்கிது. டீவியில மொகம் வரணும் எண்டு அப்பிடியென்ன ஆசை உனக்கு? அதுக்கு இந்தச் சாறிதானா கெடச்ச? கேக்கிறன், சொல்லன்! உனக்கு வாயில்லையா?"

ஷஸ்னா ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உம்மா வேல செய்யிற வூட்டில டீவியில எந்நேரமும் விளையாட்டுத்தான் போகுமாம். கடைசியாப் பேசக்குள்ள உம்மா சொன்ன."

நஸீபாவின் பிடி தளர்ந்தது.

"என்ட மொகம் மாறிட்டு சாச்சி. உம்மாட கலியாணச் சாறி மாறல்ல."

ஷஸ்னாவின் தலையிலிருந்து நழுவிக் கிடந்த முந்தானையை நஸீபா எடுத்தாள். மணலைத் தட்டி மறுபடியும் தலையில் போட்டுவிட்டாள். பிறகு வீட்டை நோக்கி நடந்தாள்.