முதல் வரிசை ஆமீன்

தாம்பரம் பள்ளிவாசல் முற்றத்தில் நடுப்பகல் வெயில் சந்தூக் பெட்டியின் பச்சைத் துணிமீது விழுகிறது. உள்ளே இறந்துபோன தையல்காரர் காதர் மொய்தீனின் மய்யித்து. அத்தரை மீறிக் கற்பூரம் மணக்கிறது. ஜனாஸா தொழுகைக்கு முன், வழக்கப்படி மகன் ஷாஜகான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நிற்கிறான். "எங்க அத்தா யாருக்காவது கடன் தரணும்னா இப்பவே சொல்லிடுங்க. நான் பொறுப்பு." மின்சார ரயில் ஒன்று கத்திக்கொண்டு போகிறது. அது ஓய்ந்ததும் தோல் வியாபாரி பக்கீர் முகமது தொண்டையைச் செருமுகிறார். "ஆயிரம் ரூபா நிக்குது தம்பி. தப்பா எடுத்துக்காதே." "சரி மாமு, நான் அடைக்கிறேன்." அவன் விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கின்றன. அந்தப் பணத்தை வாங்கித் தின்றவர் இரும்புக்கடை அமீருதீன். காதர் மொய்தீன் வெறும் ஜாமீன். கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது தெரியும்; எல்லோரும் தங்கள் கால்விரல்களைப் பார்க்கிறார்கள். காதர் மொய்தீன் தைத்துக் கொடுத்த வெள்ளை ஜிப்பாவில் முதல் வரிசையில் நிற்கும் அமீருதீன், "தோளோடு தோள் சேர்ந்து நில்லுங்க" என்று ஷாஜகானை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார். தொழுகை முடிகிறது. இமாம் கையேந்துகிறார்: "யா அல்லாஹ், இவருடைய கடன் பாரத்தை இறக்கி வை." எல்லோரையும்விட உரக்க ஆமீன் சொல்வது அமீருதீன்தான்.