முப்பது நாள் பேசாதவர்கள்

பக்கவாதம் வந்தபின் நினைவுகளைத் தாங்க அப்பாவின் தலையில் பொருத்திய இணைப்பான் மறுபடி சூடாகிவிட்டது. நினைவகம் நிரம்பி வழிந்தது. அவர் நாக்கு குழறியது. வடிவு எரிச்சலோடு போனில் அதன் அமைப்புகளைத் திறந்து ஒரு விதி சேர்த்தாள்: அவரோடு முப்பது நாளாகப் பேசாதவர்களை நினைவிலிருந்து இறக்கிவை, அவர்களே கூப்பிட்டால் மட்டும் மறுபடி ஏற்று.

சூடு தணிந்தது. எப்போதும் 'ஏட்டி' என்று அதட்டுகிறவர், அவளைப் பார்த்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"உக்காருங்கம்மா. யாரப் பாக்க வந்திருக்கிய?"

கல்யாணப் பேச்சில் சண்டையாகி இருவரும் பேச்சை நிறுத்தி நாற்பது நாளாயிற்று என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 'அப்பா' என்று ஒருமுறை கூப்பிட்டால் போதும். தொண்டைவரை வந்த சொல்லை வீம்பு விடவில்லை.

"வீடு மாறி வந்துட்டியளோ?" என்று சிரித்தபடி, அவளுக்காக வாசல் கதவைத் திறந்துவிட்டார்.