நெஞ்சில் நின்றது

அண்ணன் விட்ட முதல் அடியிலேயே தம்பியின் உதடு கிழிந்தது.

பழைய கார்களை உடைத்துப் பிரிக்கிற பட்டறை. அண்ணனுடையது சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன கை. அந்தக் கையால்தான் இருபத்திரண்டு வருஷமாக வேளாவேளைக்குத் தன் நெஞ்சில் தானே குத்திக்கொண்டு சாப்பிடுகிறான். குத்தினால்தான் வாயில் போட்டது இறங்கும். கழுத்தை நீட்டி, எக்கி, ஒரு வாய்க்கு அரை டம்ளர் தண்ணீர்.

பட்டறையில் அவன் பெயர் கொக்கு.

எல்லோருக்கும் பழகிப்போயிற்று. வினையே அதுதான்.

தன் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் தம்பி பேச்சோடு பேச்சாக இதைச் சொல்ல, டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வருஷக்கணக்காகச் சாப்பாடு தேங்கித் தேங்கி உணவுக்குழாய் புண்ணாகுமாம். சிலருக்கு அதிலேயே புற்று வைக்குமாம். வந்தாலும் தெரியாது, பழைய தொல்லைதானே என்று இருந்துவிடுவார்களாம்.

அதனால்தான் இன்று வந்து அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கேமரா விட்டு ஒரு தடவ பாத்துடலாம்ணே. வா."

அண்ணன் கையை உதறினான். அடித்தான்.

பிறகு இரும்புக் கம்பியை எடுத்தான். முதல் வீச்சு தம்பியின் தோளில் இறங்கியது. விலக்க வந்த வெல்டருக்கும் முழங்கையில் ஒன்று விழுந்தது. அடுத்த வீச்சுக்குக் கம்பி உயர்ந்தபோது தம்பி உள்ளே புகுந்து தாடையில் குத்தினான். பிறந்ததிலிருந்து அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன். பல் ஒன்று தெறித்தது. விழுந்தவனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கைகளைக் கட்டப் பெல்ட்டை உருவினான்.

அப்போதுதான் முழங்காலுக்குக் கீழே எலும்பு தட்டியது. ஒற்றை ஆளாக இன்ஜினைத் தூக்கியவன். தொளதொளச் சட்டைக்குள் ஆளே இல்லை.

அண்ணன் வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கப் பார்த்தான். இறங்கவில்லை. தலையைத் திருப்பித் துப்பினான்.

"நானே போய்ப் பாத்துட்டேன்டா. மூணு மாசமாச்சு."

தம்பியின் கையிலிருந்து பெல்ட் நழுவியது.

"ஒங்கண்ணிக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா டாக்டர் அவகிட்ட சொல்லிடுவாரு."

கேட்டுக்கு வெளியே, டாக்ஸியின் பின் சீட்டில், மாற்றுத்துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி காத்திருந்தாள்.