இடக்கை முடிச்சு

ஜன்னல் கம்பியில் இருந்த முடிச்சு இடது கைக்காரன் போட்டது. பார்த்த மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

லாரியில் ஏற்றிய சரக்குக்குக் கயிறு கட்டுவதுதான் அவன் பிழைப்பு. ஏதோ ஒரு முடிச்சாக இருந்தால் விட்டிருப்பான். இது அவர்கள் கிடங்கில் மட்டும் போடுகிற கட்டு. இரண்டு சுற்று, ஒரு கண்ணி, அதற்குள் விட்டு ஓர் இழுப்பு. சுற்று இடப்பக்கமாகப் போயிருந்தது. மிஞ்சிய வால் மடக்கி உள்ளே சொருகப்பட்டிருந்தது.

கிடங்கில் இடது கைக்காரன் ஒரே ஒருவன்தான். அவனுக்குப் பெயரே பீச்சாங்கை.

சரக்கு வரவில்லை என்று மதியமே எல்லோரையும் அனுப்பிவிட்டிருந்தார்கள். இவன் கதவைத் தள்ளியதும் மனைவி திடுக்கிட்டு எழுந்தாள். ஒரு பையைக் காலாலேயே கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"என்னது அது?"

"நூல் கயிறுங்க. மேக்ரமேன்னு ஒண்ணு, வீட்லயே செய்யலாமாம். இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன். அதோ, முதல்ல செஞ்சது."

ஜன்னலில் வெள்ளைப் பின்னலுக்குள் ஒரு சின்னப் பூந்தொட்டி தொங்கியது.

"பேருதான் பெருசா இருக்கு. உறின்னு சொல்லிட்டுப் போயேன்." அவன் முகத்தில் சிரிப்பில்லை. "யாரு சொல்லிக் குடுத்தா?"

"போன்ல பாத்தேன்."

பின்னல் போனில் வந்திருக்கலாம். நாலு இழையை மாற்றி மாற்றிப் போட்டு இறுக்குகிற வேலை. ஆனால் அந்த மேல்முடிச்சு எந்தப் போனிலும் கிடைக்காது.

"இந்த முடிச்சும் போன்லதான் வந்துச்சா?"

அவள் விரலில் ஒட்டியிருந்த பஞ்சை உருட்டினாள். "அது இல்ல. சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்கிற மூஞ்சியாவா இருக்கு இது?"

போன வருஷம் இவன் மேல் மூட்டை விழுந்து கால் முறிந்து மூன்று மாதம் கட்டிலில் கிடந்தான். சும்மா கிடக்க வேண்டாம் என்று கிடங்கிலிருந்து அறுந்த சரக்கு வலைகளைக் கொண்டுவந்து போட்டவன் பீச்சாங்கை. கட்டிலில் சாய்ந்தபடி இவன் முடிச்சுப் போட, எதிரே தரையில் உட்கார்ந்து மறுமுனையை இழுத்துப் பிடிப்பாள் அவள். பீச்சாங்கை வாசலில் நின்று ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போவான்.

தண்ணீர் குடிக்க மட்டும்தான் வந்தானா?

பதினொரு வருஷம். லாரிக்கு இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் அவன். மேலே வீசுகிற கயிற்றை அவன் பிடிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பியவன் இவன். இன்றைக்குக்கூட நொண்டுகிற காலுக்காக வண்டியில் ஏற்றிவந்து இறக்கிவிட்டது அவன்தான். கீழே இன்னும் ஸ்டார்ட் ஆகாத வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான்.

இவன் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். "டேய், மேல வா."

"எதுக்குண்ணே?"

"வாடான்னா."

மனைவியின் முகம் மாறியது. "அவர எதுக்குங்க இப்பக் கூப்பிடுறீங்க?"

"ஏன், வரக் கூடாதா? வழி தெரியாதா அவனுக்கு?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சுவரில் சாய்ந்து நின்று புருஷனை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தாள். அந்தப் பார்வையைத் திருட்டு முழி என்று அவன் எடுத்துக்கொண்டான்.

பீச்சாங்கை வாசலிலேயே நின்றான். இவன் கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்து, ஒரு முழம் கயிற்றை அவன் மேல் எறிந்தான். "நம்ம கட்டு ஒண்ணு போடு. அந்தக் கம்பியில."

"வீட்லயும் வேலையாண்ணே?" என்று முனகிக்கொண்டே உள்ளே வந்து, பூந்தொட்டிக்குப் பக்கத்தில் கட்டினான். இரண்டு சுற்று, ஒரு கண்ணி, ஓர் இழுப்பு. சுற்று இடப்பக்கமாகத்தான் போனது.

"ரெண்டும் ஒரே கை." இவனுடைய குரல் இறங்கியிருந்தது. அடிப்பதற்கு முன்னால் அப்படித்தான் இறங்கும். "இத எப்படா வந்து கட்டுன?"

பீச்சாங்கை தொட்டியைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். நிதானமாக முடிச்சின் மேல் விரல் வைத்தான்.

"இது நான் கட்டுனதில்லண்ணே. என் வால் தொங்குது பாருங்க. அதுக்குத்தான பதினொரு வருஷமா எங்கிட்ட வாய் வலிக்கக் கத்துறீங்க? வால மடக்கிச் சொருகுற ஆளு கிடங்குலயே நீங்க ஒருத்தர்தான்."

இவன் கிட்டே போய்ப் பார்த்தான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முடிச்சு. ஒன்றில் வால் தொங்கியது. ஒன்றில் இல்லை.

"நான் வலது கைக்காரன்டா," என்றான். மனைவி பக்கம் திரும்பினான். "அப்ப இது யாரு முடிச்சு?"

அவள் சுவரை விட்டு நகரவில்லை.

"மூணு மாசம் உங்க எதிர்ல உக்காந்து பாத்தவளுக்கு, உங்க வலது கை இடதாத்தானே தெரியும்?"