சர்வோனோவின் முதுகு

"மஞ்சளைக் கரைச்சுக் கரைச்சு ஊத்தினா பொண்டாட்டி. இப்ப மனுஷனே மஞ்சளாயிட்டான் பாரு!"

மீன்காரி தர்த்தி இதை ரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் தர்த்தியின் ரகசியம் துறைமுகம் வரைக்கும் கேட்கும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சர்வோனோ சுருண்டு கிடந்தார். கண் மஞ்சள், உள்ளங்கை மஞ்சள். எங்கள் சந்தையில் யாராவது படுத்துவிட்டால் தனித்தனியாகப் போய்ப் பார்க்கிற பழக்கமே கிடையாது. வேன் பிடித்து, ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு மொத்தமாகப் போய் இறங்குவோம். அன்றைக்குப் பதினாலு பேர். நோயாளிக்கு மூச்சு விடக்கூட இடமில்லை.

எல்லோர் கண்ணும் அவர் மனைவி ரூமினி மேல்தான். முதுகில் கூடை கட்டி, அதில் பாட்டில்களை அடுக்கி, சந்தையில் ஜாமு விற்கிறவள். கச்சோலம், மஞ்சள், இஞ்சி, புளி எல்லாம் இடித்துப் பிழிந்த சாறு. சாற்றைவிட அவளுக்குப் பெரிய விளம்பரம் புருஷன் முதுகுதான்.

"அம்பத்தாறு வயசு. இன்னும் உப்பு மூட்டை தூக்குறார். ஒரு மாத்திரை தொட்டதில்ல. எல்லாம் என் சாறு!"

இதைச் சொல்லாமல் ஒரு நாளும் முதல் டம்ளரை ஊற்றமாட்டாள். நாங்களும் நம்பிக் குடித்தோம்.

டாக்டர் ஹெஸ்தி வந்தார். கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஈரல் ரொம்ப அடிபட்டிருக்கு. நேத்தைவிட இன்னிக்கு மோசம். உள்ள என்ன போச்சுன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம் பண்ண முடியும். மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா?"

"மாத்திரையா? எங்க வீட்டு வாசப்படி ஏறாது" என்றாள் ரூமினி.

"அப்ப சாறுலதான் கோளாறு" என்றாள் தர்த்தி. "இப்பல்லாம் வலி மாத்திரையைப் பொடிச்சுக் கலந்துதானே ஜாமு விக்கிறாளுங்க!"

ரூமினி இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள்.

"எத்தனை வருஷமா என்கிட்ட குடிக்கிற?"

"ஏழு வருஷம்."

"கண்ணைக் காட்டு. டாக்டரம்மா பாக்கட்டும். நாப்பது பேரு தினம் குடிக்கிறீங்க. யாருக்குடி மஞ்சளாச்சு? டாக்டரம்மா, இந்தாங்க பாட்டிலு. எங்க வேணா அனுப்பிச் சோதிங்க. ஒரு சிட்டிகை கலப்படம் இருந்தாலும் நாளையிலிருந்து நான் கூடை தூக்க மாட்டேன்!"

அந்தக் குரலில் பொய் இல்லை. அது பதினாலு பேருக்கும் தெரிந்தது.

அப்போதுதான் கட்டிலிலிருந்து சர்வோனோ முனகினார்.

"அவளை விட்ருங்க. மாத்திரை சாப்பிட்டது நான்தான்."

"என்ன மாத்திரை?" டாக்டர் குனிந்தார்.

"பாராசிட்டமால். நாலு மாசமா முதுகுவலி உயிர் போகுது. இவ சாறு கேக்கல. அதை இவகிட்ட சொல்ல மனசு வரல. ஊரெல்லாம் என் முதுகைக் காட்டித்தானே விக்கிறா? நான் மாத்திரை வாங்குறதை ஒருத்தன் பாத்தா இவ பொழப்பு என்னாகும்? அதான் அக்கரைக் கடையில வாங்கி, கிடங்குக்குப் பின்னால போய் முழுங்கிட்டு வருவேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"ஆறு. அதுக்கு மேல ஒண்ணுகூட இல்ல."

எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தர்த்திதான் முதலில் மூக்கைச் சிந்தினாள். ரூமினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கக்கா. என் நாக்குல முள்ளு குத்த. நாளைக்கு எனக்கு ரெண்டு டம்ளர் ஊத்து."

"எனக்கும் ஒண்ணு" என்றார் வேன்காரர்.

ரூமினியின் பேர் பிழைத்துவிட்டது. ஆனால் டாக்டர் முகம் தெளியவில்லை. ஏட்டைப் புரட்டினார், மறுபடி புரட்டினார்.

"ஆறு மாத்திரைக்கு ஈரல் இவ்வளவு கெடாதே. அது அளவுக்குள்ளதான் வருது. நிறைய முழுங்கியிருந்தாருன்னா முறிவு மருந்து இருக்கு, இப்பவே ஏத்திடலாம். இது வேற ஏதோ நோய் போலிருக்கு. ரத்தத்தை செமாராங் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புறேன். முடிவு வர மூணு நாளாகும்."

"மூணு நாள் தாங்குவாரா?" என்று நான் கேட்டேன்.

டாக்டர் ஏட்டை மூடிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார்.

ரூமினி கட்டிலைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள், ஒவ்வொருவராக. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் இடத்தில் நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அவள் ஓடிப்போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ரத்தம் எங்கயும் போக வேண்டாம் டாக்டரம்மா. அந்த முறிவு மருந்தை ஏத்துங்க."

"ஏம்மா? நான்தான் சொன்னேனே..."

"தூக்கத்துல இவர் முனகுறதைக் கேட்டுட்டு என்னால சும்மா இருக்க முடியல. என் சாறு என் புருஷனுக்கே கேக்கலன்னு ஒத்துக்கவும் முடியல. அட்டையில எட்டு வரைக்கும் போடலாம்னு இருந்துச்சு. இவர் வேற சாப்பிடுறாருன்னு எனக்கென்ன தெரியும்?"

சந்தையில் விலை சொல்வதுபோல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இவர் டம்ளர்ல மட்டும் அதே மாத்திரையைக் காலையில மூணு, சாயங்காலம் மூணு நான் பொடிச்சுப் போட்டேன். பன்னெண்டுன்னு எழுதிக்கங்க."