முதல்ல பிள்ளை, பிறகு பாலே

"பிள்ளைக்கு எத்தனை வயசு?" என்று தொலைபேசியில் கேட்டார் பராசக்தி.

"முப்பது" என்றாள் வாகீஸ்வரி.

மறுமுனையில் பராசக்தி சிரித்துவிட்டு, பெரியவர்களுக்கும் அடுத்த மாதம் ஒரு வகுப்பு தொடங்குகிறது, எட்டுப் பேருக்குத்தான் இடம், ஒன்று மிச்சமிருக்கிறது என்றார். லண்டனில் பாலே நடனம் படித்து, மலேசியாவில் கோலசிலாங்கூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் அவர். தையல் மெஷின் கடைக்கு மேல்மாடியில் சனிக்கிழமைகளில் கற்றுக்கொடுத்தார்.

வாகீஸ்வரி அந்த இடத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தாள். போனை வைத்த பிறகுதான் கவலை பிடித்துக்கொண்டது.

அவளுக்கு ஆசிரியர் வேலை நிரந்தரமாகட்டும் என்று மூன்று வருடமாகப் பிள்ளையைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். வேலையும் நிரந்தரமாகிவிட்டது. இனி அடுத்த வருடத்துக்குள் பெற்றுக்கொள்வதென்று அவளும் கணவர் விசுவலிங்கமும் பேசி வைத்திருந்தார்கள். இந்த வயதில் காலைத் தூக்கிக் குதித்தால் பிள்ளைப்பேற்றுக்கு இடைஞ்சலாகுமா? ஆடத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்த வேண்டிவந்தால்? எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த விசுவலிங்கம், அதெல்லாம் பெண்கள் விஷயம், பெண்களிடமே கேள் என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் கேட்டாள். இடுப்பெலும்பு இறுகிவிடும் என்றாள் ஒருத்தி. இல்லை, இளகிவிடும் என்றாள் இன்னொருத்தி. கிளினிக் நர்ஸ் டாக்டரைக் கேட்கச் சொன்னாள். டாக்டரோ, "நீங்க எதுக்கு இப்ப ஆடணும்?" என்று அவளையே திருப்பிக் கேட்டார்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த லெட்சுமி டீச்சர் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். "எங்கம்மா எங்க அஞ்சு பேரையும் வயித்துல வச்சிக்கிட்டே ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தாங்க. நீ ஆடுறதுக்கா யோசிக்கிற? போ லா."

லெட்சுமி எதையும் இப்படித்தான் விளையாட்டாகப் பேசுவாள் என்று வாகீஸ்வரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் யோகாம்பாளிடம் போனாள். மூன்று பிள்ளைகளின் தாய், பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மிக நெருக்கமானவள். யோகாம்பாள்தான் பொறுமையாக உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். வகுப்பு எத்தனை மணிக்கு, அந்த ஆட்டத்துக்குக் காலில் போடும் சப்பாத்து எந்தக் கடையில் கிடைக்கும் என்றுகூட விசாரித்தாள். பிறகு வாகீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல பிள்ளையைப் பாரும். ஆட்டம் எங்க ஓடிப்போகப் போகுது? ஏதும் பிழையாய்ப் போனால் ஆயுசுக்கும் நீர்தான் அழவேணும்."

அந்தப் பேச்சு வாகீஸ்வரியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வகுப்புக்கு வரவில்லை என்று பராசக்தியிடம் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தப் பக்கம் போகும்போது தானே சொல்லிவிடுவதாக யோகாம்பாள் ஏற்றுக்கொண்டாள்.

ஒரு வருடம் ஓடியது. பிள்ளை தங்கவில்லை. மாதா மாதம் எதிர்பார்ப்பதும், பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதும் வழக்கமாகிப் போனது. முன்பு ஆளுக்கொரு யோசனை சொன்னவர்கள் இப்போது பப்பாளி தின்னாதே, வெள்ளிக்கிழமை விரதம் இரு என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசுவலிங்கம் பேப்பருக்குப் பின்னாலேயே இருந்தார்.

ஒரு சனிக்கிழமை, அந்த மாதமும் இல்லை என்று ஆனபோது, வாகீஸ்வரி அழவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல், கோலசிலாங்கூர் பஸ் ஏறினாள். பிள்ளை வருகிறபோது வரட்டும், நான் ஆடப்போகிறேன் என்று வழி முழுக்க மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

மாடியில் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கேசட்டில் பியானோ ஓடிக்கொண்டிருந்தது. பலகைத் தரையில் பாதங்கள் ஒன்றாக இறங்கும் சத்தம் கேட்டது. தட்டியதும் பராசக்தியே வெளியே வந்தார். அவள் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஓ, நீங்களோ வாகீஸ்வரி? என்ன பிள்ளை, ஆணோ பெண்ணோ?"

வாகீஸ்வரி படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பிள்ளை இல்லை. சேரலாமோ எண்டு கேக்க வந்தனான்."

பராசக்தி குழம்பிப்போய் அவளையும், சாத்திய கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கள் பிள்ளைத்தாய்ச்சி எண்டு சொல்லித்தானே யோகாம்பாள் உங்கட இடத்தில சேர்ந்தவா!"